'ஸ்டாப்'புக்கு 'ங்க' கிடையாது

கொங்கு நாட்டில் பஸ்ஸில் இடம் கேட்பதிலிருந்து கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பது வரை எல்லாப் பேச்சுக்கும் பின்னால் ஒரு 'ங்க' தொங்கும். 'கொஞ்சம் தள்ளி உக்காருங்ணா', 'பணம் எப்பங்க ஆவும்?' சண்டைகூட 'ஏனுங்க, இப்படிப் பேசறீங்க?' என்றுதான் தொடங்கும். துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் புதிதாக வருகிற நம்மூர்க்காரர் முதலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பக்கத்து லேனில், அதாவது ஒருவர் நின்று சுடுகிற தடத்தில், ஒரு பெரியவர் நிற்கிறார். ஏதோ கேட்பதற்காகத் துப்பாக்கியைக் கையில் பிடித்தபடியே உடம்பைத் திருப்புகிறார். குழாய் முனை வரிசையில் நிற்கிற நாலு பேர் வயிற்றையும் தடவிக்கொண்டு போகிறது. 'ஐயா, தப்பா நெனைக்காதீங்க, அதைக் கொஞ்சம் அந்தப் பக்கமா…' என்று நாம் முடிப்பதற்குள் முனை இன்னொரு சுற்று வந்துவிடும். அந்த நேரத்துக்கு ரேஞ்சில் ஒரே சொல்தான் உண்டு: 'ஸ்டாப்!' வால் இல்லாமல், கடைசி லேனுக்கும் கேட்கிற சத்தத்தில். பன்னிரண்டு வயதுப் பையன் அறுபது வயதுக்காரரைப் பார்த்துச் சொன்னாலும் செல்லும். ரேஞ்ச் ஆபீசர்தான் சொல்ல வேண்டும் என்று யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

அந்தச் சொல்லைக் கேட்டவர் செய்ய வேண்டியது வரிசையாக இதுதான். விரலை ட்ரிகரிலிருந்து எடுத்துவிட வேண்டும். முனை டார்கெட்டைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். குண்டு போடும் வாயைத் திறக்கிற லோடிங் லீவரையோ போல்ட்டையோ திறந்து, துப்பாக்கியை மேசையில் கிடத்திவிட்டு, அதற்கப்புறம்தான் 'என்னங்க ஆச்சு?' என்று திரும்ப வேண்டும். பெல்லட் (ஏர் துப்பாக்கியின் சின்ன ஈயக் குண்டு) உள்ளே போயிருந்தால், தானாகவே சுட்டுக் காலி செய்யக் கூடாது. துப்பாக்கியை முன்பக்கம் பார்த்தே வைத்துக்கொண்டு கையைத் தூக்கி 'லோடு இருக்கு' என்று சொல்ல வேண்டும். ஏர் ரைபிளில் ஒருமுறை குழாய்க்குள் தள்ளிய பெல்லட்டைப் பின்னாலிருந்து எடுப்பது சுலபமில்லை, சுட்டுத்தான் வெளியேற்ற வேண்டும். முன்னால் ஆள் இல்லை என்று ஆபீசர் பார்த்து, 'சுடுங்க' என்ற பிறகே அந்தக் குண்டு போக வேண்டும். 'கடைசியா ஒண்ணுதானுங்க' என்று அடிக்கிற குண்டுதான் ரேஞ்சிலேயே மோசமான அவமரியாதை.

ஸ்டாப் சொன்னவர் தவறாகப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். அதனால் போவது ஒரு நிமிஷம். அதற்காக அவரை முறைத்தால் அடுத்த முறை நிஜமாகவே முனை திரும்பும்போது அவர் வாயை மூடிக்கொண்டு நிற்பார். வரிசை முழுக்க நின்ற பிறகு, போய் 'மன்னிச்சுக்குங்க, முனை இப்படித் திரும்புன மாதிரி இருந்துச்சு' என்று எத்தனை 'ங்க' வேண்டுமானாலும் சேர்த்துப் பேசிக்கொள்ளலாம்.

முனையைத் திருப்புகிற பழக்கம் நம் பக்கத்தில் இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று, மாரியம்மன் நோம்பியில் போடுகிற பலூன் கடை. கடைக்காரரே குண்டு போட்டுக் கையில் கொடுப்பார். பையன் வாங்கின கையோடு 'அம்மா, இங்க பாரு' என்று திரும்புவான். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இன்னொன்று, காட்டுப்பன்றிக்காகத் தோட்டத்தில் உரிமத்தோடு வைத்திருக்கிற ஒத்தக்குழல், ரெட்டைக்குழல் துப்பாக்கிகள். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பது, உரிமத்தைப் புதுப்பிப்பது என்று சட்டத்துக்கு அவர்கள் குறை வைப்பதில்லை. ஆனால் காட்டில் தனியாக நடந்த பழக்கம் ரேஞ்சிலும் கூடவே வரும். தோளில் சாய்த்துக்கொண்டு நடப்பார்கள், பின்னால் வருகிறவர் நெற்றியை அது பார்த்துக்கொண்டிருக்கும். முனையைச் செருப்பின் மேல் ஊன்றி நின்று பேசுவார்கள். மடக்கும் துப்பாக்கிக்கு ரேஞ்சில் உள்ள மரியாதை, அதை மடக்கியபடியே முழங்கையில் தொங்கவிட்டு நடப்பது. குழாயின் பின்பக்க ஓட்டை திறந்திருப்பது பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும், அவர் நிம்மதியாக இருப்பார். இதைப் பெரியவரிடம் சொல்ல வேண்டியிருந்தால் வரிசைக்கு வெளியே தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது நல்லது. 'இங்க இப்படித்தான் பழக்கம் வெச்சிருக்கறாங்க' என்றால் போதும், பெரும்பாலும் அடுத்த நடையிலேயே மடக்கிக்கொள்வார்.

வருகிற வழியிலேயே நடத்தை ஆரம்பித்துவிடுகிறது. துப்பாக்கி பெட்டிக்குள் இருக்க வேண்டும், பெட்டியை ஃபயரிங் பாயின்ட்டில், அதாவது சுட நிற்கிற இடத்தில்தான் திறக்க வேண்டும். கார் நிறுத்துமிடத்தில் டிக்கியைத் திறந்து 'புது ரைபிளுங்க, பாருங்க' என்று காட்டுவது கூடாது. ஈரோட்டிலிருந்தோ பொள்ளாச்சியிலிருந்தோ பஸ்ஸில் வருகிற பிள்ளைகளை நீளப் பெட்டியைப் பார்த்துவிட்டு 'கீபோர்டா கண்ணு?' என்று விசாரிப்பார்கள். 'ஸ்போர்ட்ஸ் ரைபிளுங்க, பிராக்டிஸுக்குப் போறேன்' என்று சொன்னால் முடிந்தது. நம்ப வைக்கிறேன் என்று திறந்து காட்டக் கூடாது. வாங்கிய பில்லும் கிளப் அட்டையும் பெட்டிக்குள்ளேயே ஒரு கவரில் இருக்கட்டும்.

பெட்டியை மேசையில் வைக்கும்போதே எந்தப் பக்கம் முனை என்று பார்த்து, அது டார்கெட் பக்கம் இருக்கும்படி வைத்துத் திறக்க வேண்டும். எல்லாரும் ஒருமுறையாவது தலைகீழாக வைத்துத் திறந்து, உள்ளேயிருந்து எடுத்து, அரைவட்டம் சுற்றித் திருப்பியிருப்பார்கள். பெட்டியின் வெளியே முனை இருக்கிற பக்கத்தில் சிவப்பு டேப் ஒரு துண்டு ஒட்டிவிட்டால் இந்தத் தப்பு நடக்காது.

லேன் தேர்ந்தெடுப்பதில் இருக்கிற நாகரிகம் பலருக்குத் தெரியாது. 10 மீட்டர் ரேஞ்சில் ஒருவருக்கு ஒரு மீட்டர் அகலம் இருந்தால் அதிகம். பத்து லேன் காலியாக இருக்கும்போது ஏற்கெனவே சுட்டுக்கொண்டிருப்பவருக்கு ஒட்டின லேனில் போய் நிற்பது, காலியான பஸ்ஸில் ஒருவர் பக்கத்திலேயே போய் உட்காருவது மாதிரி. ஒன்றிரண்டு லேன் விட்டு நிற்கலாம். கூட்டம் இருந்து பக்கத்தில் நின்றே ஆக வேண்டும் என்றால், யார் எந்தப் பக்கம் பார்த்து நிற்பார்கள் என்பதை யோசிக்க வேண்டும். வலது கை ரைபிள்காரர் இடது தோளை டார்கெட்டுக்குக் காட்டி நிற்பார், அவர் மார்பு வலப்பக்கத்து லேனைப் பார்க்கும். வலது கை பிஸ்டல்காரர் நேர்மாறு. வலது தோள் டார்கெட் பக்கம், மார்பு இடப்பக்கம். ஆக ரைபிள்காரருக்கு வலப்புறம் பிஸ்டல்காரர் வந்து நின்றால் இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்தபடி ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். ஒருவர் மூச்சு விடுவதும் தோள் இறங்குவதும் மற்றவருடைய கண்ணின் ஓரத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். முகத்தைத் தெரியாதவராக இருந்தால் இன்னும் சங்கடம். இடது கை ரைபிள்காரருக்கு இடக்கோடி லேனை விட்டுக்கொடுத்தால் அவர் சுவரைப் பார்த்து நிம்மதியாகச் சுடுவார். இடது கை பிஸ்டல்காரர் என்றால் வலக்கோடி. 'நீங்க எந்தக் கைங்க?' என்று லேன் எடுக்கும் முன் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை, கேட்டவரை அனுபவசாலி என்றுதான் நினைப்பார்கள்.

எவ்வளவு நேரம் நிற்கப்போகிறோம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் இரண்டிலும் முழு மேட்ச் 60 குண்டு. எலக்ட்ரானிக் டார்கெட்டில் 75 நிமிஷம், அதற்கு முன்னால் தயாராவதற்கும் சோதனைக் குண்டுக்கும் 15 நிமிஷம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு லேனைப் பிடிக்கிறோம் என்றால் ரிஜிஸ்டரில் பெயர் எழுதும்போதே 'ஃபுல் மேட்ச்' என்று குறித்துவிட்டால், பின்னால் காத்திருப்பவர் போய் டீ குடித்துவிட்டு வருவார். காத்திருப்பவரும் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று தொண்டையைக் கனைக்கக் கூடாது. கவச உடை மாதிரி விறைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நிற்பவருக்குத் திரும்பிப் பார்ப்பதே ஒரு வேலை.

இப்போது சேஃப்டி லைன். ஏர் துப்பாக்கிக் குழாயின் முழு நீளத்துக்கும் ஓடி, முனையிலும் பின்னாலும் வெளியே தெரிகிற பளிச்சென்ற நிற ஒயர். பாதி நீளத்தில் வெட்டி, பின்னால் மட்டும் கொஞ்சம் தெரிகிற மாதிரி சிலர் செருகி வைக்கிறார்கள். அது போட்டிகளில் செல்லாது. போட்டி இல்லாத நாளிலும் அதில் பயன் இல்லை, உள்ளே பெல்லட் இல்லை என்பதை முழு நீள ஒயர்தான் காட்டும். கடையில் கிடைக்கவில்லையென்றால் புல் வெட்டும் மெஷினுக்குப் போடுகிற ஆரஞ்சு நைலான் ஒயர் விவசாயக் கருவி விற்கிற கடையில் கிடைக்கும். குழாய் 4.5 மில்லிமீட்டர், அதனால் 2.4 மில்லிமீட்டர் தடிமன் ஒயர் தாராளமாகப் போகும். நுனியைக் கத்தரித்த இடம் கூராக இருந்தால் நெயில் ஃபைலால் தேய்த்து மழுக்க வேண்டும். சுருளிலிருந்து வெட்டியது வளைந்தே நிற்கும், வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு இழுத்துப் பிடித்து ஆற விட்டால் நிமிரும். ஒன்று வெட்டும்போதே நாலு வெட்டிப் பெட்டியில் போட்டு வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் புதிதாக வந்தவரிடம் லைன் இல்லையென்றால் 'இந்தாங்க, எங்கிட்ட இன்னொண்ணு இருக்குது' என்று கொடுத்துவிடலாம். 'ஏன் லைன் போடலை?' என்று கேட்பதைவிட இது வேலை செய்யும்.

லைனை எப்போது போட வேண்டும் என்பதற்குச் சுருக்கமான பதில்: துப்பாக்கியிலிருந்து கை எடுக்கும்போதெல்லாம். தண்ணி குடிக்கவா, போன் எடுக்கவா, கண்ணாடி துடைக்கவா, முதலில் லீவரைத் திற, லைனைப் போடு, கிடத்து. பக்கத்து லேன்காரர் நம்மைப் பார்ப்பதில்லை, அந்த ஒயரைத்தான் பார்க்கிறார்.

காகித டார்கெட் மாட்டுகிற ரேஞ்சுகளில் கார்டு போய் வருவதற்குத் தள்ளுவண்டியும் கயிறும் இருக்கும். சில நேரம் கார்டு நடுவழியில் கழன்று விழும், சில நேரம் கயிறு உருளையிலிருந்து நழுவும். அப்போது 'ரெண்டே அடிதான்' என்று கோட்டைத் தாண்டிக் குனிகிறவர்கள் உண்டு. முன்னால் போக வேண்டும் என்றால் ஆபீசரிடம் சொல்ல வேண்டும். அவர் ஸ்டாப் சொல்லி, எல்லாத் துப்பாக்கியும் திறந்து லைன் போட்டுக் கிடக்கிறதா என்று பார்த்து, எல்லாரும் மேசையிலிருந்து பின்னால் ஒரு எட்டு தள்ளி நின்ற பிறகே போக வேண்டும். அந்த நேரத்தில் துப்பாக்கியைத் தொடவே கூடாது. பெல்லட் போடாமல் சும்மா ட்ரிகர் இழுத்துப் பழகுவது, சைட் (குறி பார்க்கும் கருவி) திருகாணியைத் திருகுவது, துணியால் துடைப்பது எதுவும் கூடாது. உள்ளே ஒன்றுமில்லை என்று நமக்குத் தெரியும். டார்கெட் பக்கம் முதுகைக் காட்டிக் குனிந்திருப்பவருக்குத் தெரியாது. கேமராவும் போனும் வைத்துக்கொண்டு பின்னால் நிற்கும் பெற்றோர்கள் இந்த நேரத்தில்தான் 'ஒரு போட்டோ' என்று குழந்தை கையில் துப்பாக்கியை எடுத்துக் கொடுப்பார்கள். குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது, அப்பா சொன்னாலும் தொடாதே என்று.

அடுத்தவர் டார்கெட்டில் சுட்டுவிடுவது எல்லாருக்கும் நடக்கும். பெரும்பாலும் இடைவெளி விட்டுத் திரும்ப வந்து நிற்கும்போது நடக்கும். உட்கார்ந்து எழுந்து, ஜாக்கெட் பொத்தான் போட்டு, தூக்கிப் பார்த்தால் கறுப்பு வட்டம் கறுப்பு வட்டமாகத்தான் தெரியும். 5-ஆம் லேனில் நின்று 6-ஐப் பார்ப்பது கண்ணுக்குத் தெரியாது. ஏர் ரைபிள் டார்கெட்டின் கறுப்பு 30.5 மில்லிமீட்டர், அதன் நடுவில் பத்து மதிப்பெண் தருகிற இடம் வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. சைட் வளையத்துக்குள் அந்தக் கறுப்பு வந்துவிட்டால் வேறெதுவும் தெரிவதில்லை. ஒவ்வொரு முறை துப்பாக்கியைத் தூக்கும்போதும் சைட்டுக்குள் பார்ப்பதற்கு முன் வெறும் கண்ணால் லேன் எண்ணைப் படிப்பதுதான் இதற்கு வழி.

எலக்ட்ரானிக் டார்கெட்டில் இதற்கு ஒரு அடையாளம் உண்டு. நம் மானிட்டரில் குண்டு பதிவாகாது. உடனே 'மெஷின் போச்சு' என்று நினைத்து இன்னொன்று அடிப்பவர்கள் தப்பை இரட்டிப்பாக்குகிறார்கள். குண்டு பதிவாகவில்லையென்றால் துப்பாக்கியைக் கிடத்திவிட்டுக் கை தூக்க வேண்டும். அதே நேரம் பக்கத்துக்காரர் மானிட்டரில் அவர் சுடாத குண்டு ஒன்று வந்திருக்கும். அவரும் 'யாருங்க அது?' என்று வரிசையைப் பார்த்துக் கத்தாமல் கை தூக்க வேண்டும். இரண்டு கையும் தூக்கியிருந்தால் ஆபீசருக்கு விஷயம் உடனே புரிந்துவிடும். போட்டி விதிப்படி அடுத்தவர் டார்கெட்டில் அடித்த மேட்ச் குண்டு அடித்தவருக்கு மிஸ். வாங்கியவருக்கு நஷ்டம் இல்லை. எது தன்னுடையது என்று பிரிக்க முடியாவிட்டால் சந்தேகத்தில் இருக்கிறவற்றில் உயர்ந்ததை அவர் கணக்கில் எழுதுவார்கள். பயிற்சி நாளில் இதெல்லாம் கணக்கே இல்லை. இடைவேளையில் போய் 'உங்க டார்கெட்ல ஒண்ணு போட்டுட்டேங்க' என்று சொல்லிவிட வேண்டும். மறைத்தால் அவர் அந்தக் குண்டைத் தன்னுடையதென்று நம்பி சைட்டைத் திருகி, மீதி நாள் முழுக்க வீணாய்ப் போகும்.

வாய் விஷயத்துக்கு வருவோம். அந்நியரோடு பேச்சுக் கொடுப்பது நம் ஊரில் பிறவிக்குணம். ரேஞ்சிலும் வரட்டும், ஆனால் அவர் துப்பாக்கி கிடக்கும்போது மட்டும். தூக்கியிருப்பவரிடம் பேசக் கூடாது, அவர் பின்னால் நின்று இன்னொருவரிடமும் பேசக் கூடாது. 'எவ்வளவுங்க போச்சு?' என்று ஸ்கோர் கேட்பது அடுத்தது. அவராகச் சொல்லாவிட்டால் கேட்க வேண்டாம். ஒரு குண்டுக்கு 10.9 வரை, 654 முழு மதிப்பெண்ணாக இருக்கிற ஏர் ரைபிளில் 610-க்கும் 620-க்கும் நடுவில் மாதக்கணக்காகத் திண்டாடுபவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கேள்வி அவர்களுக்குப் புண்ணில் உப்பு. 'இது என்ன வெலைங்க?' என்பது மூன்றாவது. இதை நம்மவர்களால் கேட்காமல் இருக்க முடியாது. வெளியே டீ குடிக்கும்போது கேட்டுக்கொள்ளலாம்.

அறிவுரை எல்லாவற்றையும்விட மோசம். கேட்காமல் சொல்லுகிற திருத்தம் பாதி நேரம் தவறாக இருக்கும், ஏனென்றால் அவருடைய கோச் என்ன சொல்லி, எதைப் பழகிக்கொண்டிருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. பாதுகாப்பு சம்பந்தப்பட்டதா? உடனே சொல்ல வேண்டும். மற்றபடி, கேட்டால் ஒன்றே ஒன்று சொல்லலாம். தோளை, இடுப்பை, முழங்கையைத் தொட்டுத் திருத்துவது, அதுவும் பெண் பிள்ளைகளிடம், 'தொட்டுக் காட்டலாங்களா?' என்று கேட்டு அவர் சரி என்ற பிறகுதான். 'அம்மணி, இப்படி நில்லு' என்று பாசமாகச் சொல்லிக்கொண்டே கையை நீட்டுகிறவர்களுக்கு அது பாசம். நிற்கிற பிள்ளைக்கு அப்படி இல்லை. வாயாலும் தன் உடம்பாலும் காட்டினாலே புரியும்.

துப்பாக்கியை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. கொடுப்பவர் லீவரைத் திறந்து, உள்ளே பார்த்து, வாங்குபவருக்கும் காட்டி, லைன் போட்டு, மேசையில் கிடத்த வேண்டும். வாங்குபவர் மேசையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்ததும் அவரும் ஒருமுறை பார்ப்பார். 'நான்தான் பாத்துட்டேனுங்களே' என்று கோபப்படுவது வேண்டாம், யார் கையில் இருக்கிறதோ அவர் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். சைட், கன்னம் வைக்கும் கட்டை, பின்கட்டை எதையும் திருகக் கூடாது. அதன் சொந்தக்காரர் பல வாரம் உட்கார்ந்து தன் உடம்புக்குச் செய்த அளவு அது. ட்ரிகரில் இன்னும் கவனம். பலூன் கடைத் துப்பாக்கியில் விரலை மடக்கி இழுத்த பழக்கத்தோடு மேட்ச் ஏர் ரைபிளைத் தொட்டால் நினைக்கும் முன் வெடிக்கும். ஏர் பிஸ்டல் ட்ரிகரை இழுக்கக் குறைந்தது 500 கிராம் பலம் வேண்டும் என்று விதி இருக்கிறது. ஏர் ரைபிளுக்கு அப்படிக் கீழ் எல்லை கிடையாது, நூறு கிராமுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். கொடுக்கிறவர் 'ட்ரிகர் ரொம்ப லேசுங்க' என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

காற்று நிரப்பும் இடத்தில்தான் அந்நியர்களுக்குள் மனத்தாங்கல் அதிகம். ஒரு பெரிய டேங்க், பத்துப் பேருடைய சின்ன சிலிண்டர். பெரும்பாலான மேட்ச் துப்பாக்கி சிலிண்டர்கள் 200 பார் (காற்றழுத்த அளவு) வரை. பெரிய டேங்கில் இருப்பதற்கு மேல் யாருக்கும் கிடைக்காது, ஒவ்வொருவர் நிரப்பும்போதும் அது குறையும். முதலில் நிரப்புகிறவருக்கே அதிக அழுத்தம். அன்றைக்கு ஃபுல் மேட்ச் சுடுகிறவருக்கு முதல் முறையை விட்டுக்கொடுப்பதும், நம் சிலிண்டரில் 130 பார் இருந்தால் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று நிரப்பாமல் விடுவதும் நல்ல பழக்கம். அறுபது குண்டுக்கு அது போதும். வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். அவசரமாகத் திறந்தால் சின்ன சிலிண்டர் சூடாகும், முள் 200 காட்டும், ஆறினபிறகு அதே சிலிண்டர் 180-க்கு இறங்கியிருக்கும். உடனே 'டேங்க் லீக்' என்று அடுத்தவர் மேல் பழி. முடித்ததும் டேங்க் வால்வை மூடி, குழாயில் தங்கிய காற்றைத் திறப்பில் விட்டுவிட்டுத்தான் கழற்ற வேண்டும். 300 பார் டேங்காக இருந்தால் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது, அது 200-இல் தானாக நிற்காது.

சிலிண்டர் மேல் தயாரித்த தேதியும் காலாவதியும் பொறித்திருக்கும், பத்து வருஷம் என்பது வழக்கமான கணக்கு. காலம் கடந்த சிலிண்டரைப் பொது டேங்கில் மாட்டுவது பக்கத்தில் நிற்பவரின் கையைப் பணயம் வைப்பது. மரை இறுகினால் நம்மவர்கள் எதற்கும் தேங்காய் எண்ணெய் தொடுவார்கள். இங்கே கூடாது. தேங்காய் எண்ணெய், மிஷின் ஆயில், கிரீஸ் எதுவானாலும் அழுத்தமான காற்றோடு சேர்ந்தால் எரிந்து வெடிக்கலாம். சிலிக்கான் கிரீஸ் துளி மட்டும், அதுவும் ரப்பர் வளையத்தில்.

தோட்டா போட்டுச் சுடுகிற .22 துப்பாக்கிகள் இருக்கிற இடத்தில் காது மூடி, கண்ணாடி இரண்டும் பார்க்க வந்தவருக்கும் சேர்த்துத்தான். காது மூடியவரிடம் பின்னாலிருந்து பேசினால் கேட்காது. தோளைத் தட்டவும் கூடாது, திடுக்கிட்டுத் திரும்புவார், துப்பாக்கியும் திரும்பும். அவர் கண்ணில் படுகிற பக்கவாட்டில், கோட்டுக்குப் பின்னால், நின்று காத்திருக்க வேண்டும். அரைத் தானியங்கி பிஸ்டல் காலித் தோட்டாவைப் பெரும்பாலும் வலப்பக்கம் வீசும். தடுப்புப் பலகை இல்லாவிட்டால் சூடான பித்தளை அடுத்தவர் சட்டைக் காலருக்குள் இறங்கும். அப்படி இறங்கினால் சூடு பட்டாலும் பொறுத்துக்கொண்டு முதலில் துப்பாக்கியைக் கிடத்த வேண்டும். துள்ளிக் குதிக்கிறவர் கையில் லோடான பிஸ்டல் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. ட்ரிகர் இழுத்தும் வெடிக்கவில்லையா, முனையை அப்படியே டார்கெட்டில் வைத்து 30 விநாடி காத்திருந்து பிறகு திறக்க வேண்டும். 'என்னாச்சு' என்று திருப்பி முனைக்குள் பார்ப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். .22 தோட்டா ஒரு கிலோமீட்டருக்கும் மேல் போகும், டார்கெட்டுக்குப் பின்னால் தோட்டாவைத் தடுக்கிற மண்மேட்டுக்கு மேல் முனை உயரவே கூடாது. தோட்டாவைப் பக்கத்தவரிடம் கடன் கேட்பதும் தவறு. அது உரிமக் கணக்கில் எழுதுகிற பொருள். பெல்லட் அப்படியில்லை, ஆனாலும் பத்துப் பதினைந்து கேட்டு வாங்கினால் திருப்பிக் கொடுக்கும்போது அதே கம்பெனி, அதே தலையளவாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். 4.49 மில்லிமீட்டரும் 4.50 மில்லிமீட்டரும் சிலருக்கு ஒன்றல்ல.

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது திறந்தவெளி 50 மீட்டர் ரேஞ்சில் எல்லாரும் ஒரே கொடியைத்தான் பார்த்துச் சுடுகிறார்கள். கொடிக்கும் வரிசைக்கும் நடுவில் குடை விரிக்காமல், பையை மேசையில் கோபுரமாக அடுக்காமல் இருந்தால் போதும்.

கடைசியாகச் சாப்பாடு. வீட்டிலிருந்து ஒப்புட்டும் முறுக்கும் கொண்டுவந்து தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் நீட்டுவது நம் பக்கத்து வழக்கம், நல்ல வழக்கம்தான். ஆனால் பெல்லட் என்பது ஈயம். ஒரு டப்பாவில் 500, ஒவ்வொன்றாக விரலால் எடுத்துப் போட்ட கை அது. ஃபயரிங் லைனில் தின்பண்டத்தை நீட்டினால் மரியாதைக்காகவே அந்தக் கையால் எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். குழந்தைகள் இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொள்வதுண்டு, பார்த்தால் யார் பிள்ளையானாலும் தடுக்க வேண்டும். லேனை விடும்போது சிதறின பெல்லட்டை ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். துடைப்பத்தால் பெருக்கினால் ஈயத்தூசு எழும்பி அடுத்து நிற்பவர் மூக்குக்குப் போகும். பிறகு லீவர் திறந்து, லைன் போட்டு, பெட்டிக்குள் வைத்து மூடி, வெளியே குழாயடியில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு டப்பாவைத் திறந்தால், துப்பாக்கி என்ன விலை என்று கேட்க வேண்டியவர் அங்கே தாராளமாகக் கேட்கலாம்.